விளக்குக் கம்பமும் வீட்டு வரியும்



'சுக்காய் பிந்து' என்று நாம் பேச்சில் வழங்கும் மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இருமுறை செலுத்துகிறோம். பிப்ரவரி இறுதிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு இறுதிக்குள் மறு பாதி. அது போதாதென்று மாதந்தோறும் வரும் மின்கட்டண ரசீதிலும் 'கே.டபிள்யூ.தி.பி.பி.' என்றொரு வரி அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பொருள் அறியாமல் கடந்திருப்பீர்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு நாம் வழங்கும் பங்கு அது. 2011 டிசம்பரில் ஒரு விழுக்காடாகத் தொடங்கி, 2014இல் 1.6 விழுக்காடாக உயர்ந்தது. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் இல்லங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, பசுமை எரிசக்திக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே, "ஊராட்சி மன்றங்கள் பசுமைத் திட்டங்களுக்குச் செலவிடுவது தகுமா?" என்னும் வினாவை அரசியல்வாதிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் மட்டும் விட்டுவிட இயலாது. பணம் நம்முடையது.

அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. லோரி ஓட்டுநரான தந்தை ஒருவர் சற்றுக் கோபத்துடனேயே சொன்னார்: "ஐயா, எங்க தாமான்ல கால்வாய் அடைச்சு ஆறு மாசமாச்சு. ரோட்டுல குழி. அதுக்கு மட்டும் கேட்டா ஒதுக்கீடு இல்லங்கறாங்க. ஏரிக்கரையில சோலார் விளக்கு நட மட்டும் காசு இருக்கு." அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஏரிக்கரை விளக்குகளைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அவருடைய கோபத்திலிருந்து "பசுமை என்பதே வீண் செலவு" என்ற முடிவுக்கு வந்தவர்கள் அன்று பலர். அந்த முடிவோடு நான் உடன்படவில்லை. அதற்கான காரணங்களை எழுதவே இப்பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊராட்சி மன்றம் தான் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் மின்கட்டணத்தைக் குறைப்பதற்காகச் செலவிடுமானால், அந்தச் செலவு தகும். தகும் என்பது மட்டுமன்று, செய்யாமல் இருப்பதே விரயம். காட்சிக்காகவும் இலாப வேட்டைக்காகவும் செலவிடுமானால், அதன்மேல் எவ்வளவு பச்சை வண்ணம் பூசினாலும் அது தகாது.

ஊராட்சி மன்றம் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிறுவனம் அன்று. நம் நாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் உள்ளன. மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்று அளவுக்கேற்பப் பெயர் மாறும். குப்பை, கால்வாய், சந்தை, பூங்கா, உரிமம், தெருவிளக்கு ஆகியவையே இவற்றின் அன்றாடப் பணிகள். இவற்றுள் மின்சாரத்தை இரவெல்லாம் விழுங்குவது தெருவிளக்கு. நம் கண்ணுக்குத் தெரியும் கால்வாயும் குழியும் ஒதுக்கீடு இல்லாமல் கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் பணத்தைக் கரைத்துக்கொண்டிருப்பதும் அதுவே.

இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் ஒரு செயல்திட்டமாகக் கொடுத்தேன். (கணிதத்தை வாழ்வியலோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாம்பழம் வாங்கும் கணக்கைத் தாண்டி நாங்கள் அதிகம் போகவில்லை என்பது வேறு கதை.) கணக்கு இதுதான். சாலைகளில் மஞ்சள் ஒளி வீசும் பழைய சோடியம் விளக்கு ஒன்று 250 வாட் என்று கொள்வோம். இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,380 மணி நேரம். அதாவது 1,095 யூனிட். அதே இடத்தில் 120 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் ஏறத்தாழ 525 யூனிட். மிச்சம் 570 யூனிட். யூனிட்டுக்கு 30 சென் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு விளக்கால் ஆண்டுக்கு 171 ரிங்கிட் மீதமாகிறது.

இது சிறிய தொகையாகத் தோன்றும். பத்தாயிரம் விளக்குகள் உள்ள ஒரு நகரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள் என்றேன். 57 லட்சம் யூனிட். 17 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். ஒவ்வோர் ஆண்டும்! வகுப்பில் சிறிது நேரம் அமைதி. பின் வரிசை மாணவன் ஒருவன், "அதுல எத்தன கால்வாய் கழுவலாம் ஐயா?" என்று கேட்டான். அந்த லோரி ஓட்டுநரின் மகன் அவன் இல்லை. ஆனால் அவருக்கு நான் சொல்ல விரும்பிய விடையை அவன் கேள்வியாகவே கேட்டுவிட்டான். பசுமையா கால்வாயா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு. கால்வாய்க்குப் போக வேண்டிய பணம்தான் கம்பத்தின் உச்சியில் வெப்பமாக வீணாகிக்கொண்டிருக்கிறது.

சரி, விளக்கை மாற்றும் செலவு? பொருத்துகூலியும் சேர்த்து விளக்கொன்றுக்கு 800 ரிங்கிட் என்று கொண்டால், ஐந்தாண்டுக்குள் முதல் திரும்பிவிடுகிறது. நல்ல எல்.இ.டி. விளக்கு ஐம்பதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்பார்கள். இரவுக் கணக்கில் அது பதினொரு ஆண்டுகளுக்கும் மேல். ஆக, ஆறு ஆண்டுக்கால மீதம் ஊருக்கு.

இங்கேதான் மாணவி ஒருத்தி நல்ல கேள்வியை எழுப்பினாள். "விளக்கு விலை இரண்டு மடங்கா இருந்தா ஐயா?" கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். 1,600 ரிங்கிட் என்றால் முதல் திரும்ப ஒன்பது ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அந்த விளக்கு ஆறாம் ஆண்டில் செத்துப்போனால் ஊருக்கு நட்டம். அதே விளக்கு, அதே பசுமை, அதே திட்டம். விலையும் உத்தரவாதமும் மாறினால் இலாபம் நட்டமாகிவிடுகிறது. பசுமைத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். விடை குத்தகை ஆவணத்தில் இருக்கிறது. கொள்கை முழக்கத்தில் இல்லை.

சுற்றுச்சூழலைப் பற்றி இதுவரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. "நம் சிற்றூர் திருந்தினால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு, உலகம் குளிராவிட்டாலும் நகராண்மைக் கழகத்தின் செலவு குறையும் என்பதே போதுமான விடை. இருப்பினும் கணக்கை முழுமையாக்குவோம். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் கிடைப்பதே காரணம். அந்த நிலக்கரியிலும் பெரும்பகுதி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. மேற்சொன்ன பத்தாயிரம் விளக்குகள் ஆண்டுக்கு நாலாயிரம் டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் குறைக்கும். தவிர, 2025 ஜூலையில் மின்கட்டண முறை திருத்தப்பட்டபோது எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் கட்டணத்தைச் சரிசெய்யும் ஏற்பாடும் வந்தது. எங்கோ நிலக்கரி விலை ஏறினால் இங்கே நம் ரசீதும் அசையும். குறைந்த யூனிட் எரிக்கும் ஊருக்கு அந்த அசைவு குறைவாகவே வலிக்கும்.

இனி அந்த ஏரிக்கரை விளக்குகள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பூங்காவில் சூரிய சக்தி விளக்குகள் நடப்பட்டன. திறப்பு விழா, நாடா வெட்டு, நிழற்படம், பதாகை எல்லாம் இருந்தன. முதல் ஆண்டு மிக அழகாக எரிந்தன. மாலை நேரத்தில் முதியோர் நடைப்பயிற்சிக்குக் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். இரண்டாம் ஆண்டு நள்ளிரவுக்கு முன்பே அணையத் தொடங்கின. மூன்றாம் ஆண்டில், இருபத்து நான்கு விளக்குகளில் ஐந்து எரிந்தன. இன்று கம்பங்கள் நிற்கின்றன, பதாகையும் நிற்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? சூரியன் பகலில் காய்கிறது. விளக்கு இரவில் எரிகிறது. இடையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க ஒரு பேட்டரி தேவை. தனித்து நிற்கும் சோலார் விளக்கின் உயிர்நிலை கண்ணாடித் தகட்டில் இல்லை, அந்தப் பேட்டரியில் இருக்கிறது. தகடு இருபது ஆண்டுக்கும் மேல் உழைக்கும். மலிவான ஈயப் பேட்டரியோ நம் நாட்டு வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு, ஏரிக்கரையில் அழகுக்காக நட்ட மரங்கள் வளர்ந்து தகடுகளுக்கு நிழல் தரத் தொடங்கின. மரமும் பசுமைத் திட்டந்தான், விளக்கும் பசுமைத் திட்டந்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியா.

பேட்டரியை மாற்றலாமே என்று மன்ற உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார், அவருக்கு என் நன்றி. விளக்குகள் ஒருமுறை மட்டும் கிடைத்த சிறப்பு ஒதுக்கீட்டில் வாங்கப்பட்டவை. வாங்குவதற்குப் பணம் வந்தது. பராமரிப்பதற்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு இல்லை. பேட்டரி வாங்க வேண்டுமானால் கால்வாய்க்கும் புல்வெட்டுக்கும் வைத்திருக்கும் பணத்தில்தான் கைவைக்க வேண்டும். கைவைத்தால் மக்கள் ஏசுவார்கள். ஆகவே விளக்குகள் அணைந்தபடியே இருக்கின்றன.

எனக்கு இது மிக முக்கியமான பாடமாகப் படுகிறது. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக மிதிவண்டி வாங்கித் தருபவர் உண்டு. அடுத்த மாதம் டயர் வெடித்தால் பசை வாங்க இரண்டு வெள்ளி தருபவர் இல்லை. நம் ஊராட்சிகளின் பல பசுமைத் திட்டங்கள் இந்த மிதிவண்டி நிலையில்தான் உள்ளன.

எங்கே சோலார் பொருந்தும் என்றும் சொல்ல வேண்டும். மன்றத்தின் தலைமையகக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்சாதனம் ஓடுவது பகலில். சூரியன் காய்வதும் பகலில். கூரையில் தகடு பதித்தால் பேட்டரி இல்லாமலேயே அந்த மின்சாரம் உடனுக்குடன் செலவாகிவிடும். நம் வெயிலுக்கு, நூறு கிலோவாட் அளவுள்ள கூரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 யூனிட் தரும். அரசாங்கக் கட்டடங்களுக்கென்றே 2021இல் தனி ஒதுக்கீட்டுடன் நிகர அளவீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. அந்தத் திட்ட வரிசை 2025 நடுப்பகுதியோடு முடிவுற்றுவிட்டது. பின்னர் வந்த ஏற்பாட்டின் கணக்கு வேறு. ஆனால் தானே உற்பத்தி செய்து தானே பகலில் பயன்படுத்தும் யூனிட்டுக்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. அது கட்டணத்திலிருந்து நேரே கழிந்துவிடும். வாடிய ஏரிக்கரை விளக்குகளுக்குப் பதாகை வைத்தவர்கள், மூன்று மாடி அலுவலகத்தின் வெற்றுக் கூரையை ஏன் பார்க்கவில்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. கூரைமேல் இருப்பதை யாரும் நிழற்படம் எடுப்பதில்லை என்பதால் இருக்கலாம்.

வீட்டுக்காரர்களுக்குச் சலுகை தரும் வழியும் உண்டு. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011இல், மின்சாரத்தையும் நீரையும் சிக்கனப்படுத்தும் வீடுகளுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தரும் திட்டத்தைத் தொடங்கியது. மன்றம் சிறு தொகையை விட்டுக்கொடுத்தால், வீட்டுக்காரர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு மாற்றம் செய்கிறார். நல்ல ஏற்பாடுதான். எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கூரையில் சோலார் பதிக்க இன்று ஒரு நடுத்தர வீட்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் ரிங்கிட் வேண்டும். நம் பள்ளிப் பெற்றோரில் பலர் மலிவு விலை அடுக்குமாடிகளில், அதுவும் வாடகைக்கு, குடியிருப்பவர்கள். அவர்களுக்குச் சொந்தக் கூரையே இல்லை. மதிப்பீட்டு வரிக் கழிவு கிடைத்தாலும் அது வீட்டு உரிமையாளருக்குத்தான் போகும். வசதியுள்ளவர் கூரைக்கு ஊர்ப்பணத்தில் சலுகை என்றால், வசதியற்றவர் பங்குக்கு என்ன?

தெருவிளக்கை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இது இன்னொரு காரணம். அது யார் வீட்டுக் கூரை என்று கேட்பதில்லை.

நமக்கு, குறிப்பாகத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு, இதில் ஒரு தனி அக்கறையும் உண்டு. தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அன்றிலிருந்து பிப்ரவரி மாதத்தில் கதிரவன் எழ ஏழரை மணி ஆகிவிடுகிறது. பள்ளி மணி அடிப்பதும் ஏறக்குறைய அந்நேரந்தான். ஆகவே நம் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவது இருட்டில். ஆறேகால் மணிக்குப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, எரியும் ஒரு விளக்குக் கம்பம் அலங்காரப் பொருள் அன்று. எங்கள் பள்ளிக்கு வரும் பாதையில் நாற்பத்தொரு கம்பங்கள். மாணவர்கள் எண்ணிப் பார்த்ததில் ஒன்பது எரியவில்லை. அவற்றுள் மூன்று அடுத்தடுத்து நிற்பவை. அந்த மூன்று கம்ப நீளத்துக்குப் பிள்ளைகள் ஓடித்தான் கடக்கிறார்கள். நாய்களுக்குப் பயந்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இருட்டு புதிதன்று. லயத்து வீடுகளுக்கு எண்ணெய் இயந்திரம் ஓடும் வரைதான் வெளிச்சம். அது நின்றதும் ஊரே அணைந்துவிடும் காலத்தை என் தலைமுறையில் பலர் கண்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, விளக்கு எரியாவிட்டாலும் நாம் புகார் செய்வதில்லை.

புகார் செய்ய முனைந்தால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. கம்பம் யாருடையது? சில கம்பங்கள் மின்சார நிறுவனத்தின் பொறுப்பில். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை. தாமானுக்குள் என்றால் ஊராட்சி மன்றம். இன்னும் ஒப்படைக்கப்படாத புதுத் தாமான் என்றால் வீடமைப்பு நிறுவனம். சிக்கன விளக்குத் திட்டங்கள் இழுபறியாவதற்கும் இது ஒரு காரணம். விளக்கை மாற்றும் செலவு ஒருவருக்கு, கட்டணம் குறைவதன் பலன் இன்னொருவருக்கு என்றால், யார் முன்வருவார்? தனியார் நிறுவனமே முதல் போட்டு விளக்கை மாற்றி, மீதமாகும் கட்டணத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஒப்பந்த முறை நம் நாட்டிலும் உண்டு. கையில் முதல் இல்லாத மன்றத்துக்கு அது உதவும். ஆனால் மீதத்தை அளப்பவர் யார் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். வாங்கிக்கொள்பவரே அளந்தால் மரக்கால் எப்போதும் சிறுத்தே இருக்கும்.

இன்னொன்று. மாற்றிய விளக்கு எரிகிறது என்பது மட்டும் போதாது. சில இடங்களில் கண்ணைக் கூசும் வெள்ளொளி கம்பத்தின் அடியில் கொட்டுகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருட்டுக் குளம் தேங்குகிறது. யூனிட் குறைந்தது என்று அறிக்கை சொல்லும். நடைபாதையில் நடக்கும் பிள்ளைக்கு வெளிச்சம் கூடியதா என்பதை அறிக்கை சொல்லாது.

இலாப வேட்டை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டதற்கு இங்கிலாந்தில் உண்மை எடுத்துக்காட்டுகள் உள்ளன. நாட்டிங்காம் மாநகர் மன்றம் ஏழைகளுக்கு மலிவாக மின்சாரம் விற்கும் நல்லெண்ணத்தோடு 2015இல் ஒரு மின்விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியது. சந்தை ஏற்ற இறக்கத்தைத் தாங்க இயலாமல் 2020இல் அதை மூடியது. கோடிக்கணக்கான பவுண்டு மக்கள் பணம் கரைந்தது. துரோக் என்னும் மற்றொரு மன்றம், வட்டிக்குக் கடன் வாங்கிச் சோலார் பண்ணைகள் தொடர்பான முதலீடுகளில் கொட்டியது. 2022 டிசம்பரில், வரவு செலவைச் சமன்செய்ய இயலாது என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. சூரிய ஒளி அங்கே குற்றவாளி அன்று. தன் தெருவுக்கு விளக்கேற்றுவதை விட்டு, தனக்குத் தெரியாத தொழிலில் ஊர்ப்பணத்தை வைத்து ஆடியதே குற்றம்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் இறைக்கவும் தெருவிளக்குக்கும் ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தைச் சமாளிக்க வழி தேடியது. 2006இல், தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தேவை போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருவாயில் கடனை அடைத்தார்கள். துரோக்கும் கடன் வாங்கியது, ஓடந்துறையும் கடன் வாங்கியது. ஓடந்துறையின் கையில் தன் சொந்த மின்கட்டண ரசீது இருந்தது. எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

ஓடந்துறை மக்கள் தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கூற வேண்டும். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தோடு முற்றாக நீங்கின. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஏரிக்கரை விளக்கு அணைந்ததற்காக யாரும் பதவி இழக்கப்போவதில்லை. எனவே வாக்குச் சீட்டு செய்ய வேண்டிய வேலையை நம் கேள்விகள்தாம் செய்ய வேண்டியுள்ளது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் உண்டு. அங்குள்ள பெற்றோர் எழுத்து மூலம் விவரம் கேட்கலாம். எங்கள் மாநிலத்தில் அச்சட்டம் இல்லை. ஆயினும் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு முன் குடியிருப்பாளர்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டத்தைப் பல மன்றங்கள் நடத்துகின்றன. எங்கள் மன்றமும் நடத்துகிறது. சென்ற முறை நான் போனபோது மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. நம்மவர் என்று பார்த்தால் என்னையும் சேர்த்து மூவர்.

இம்முறை கேட்பதற்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவிளக்குக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு கட்டணம் கட்டினீர்கள்? புது விளக்கு ஒன்றின் விலை என்ன, எத்தனை ஆண்டு உத்தரவாதம்? ஏரிக்கரையில் பேட்டரி மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? நான்காவதாக, நாய்களை எப்போது பிடிப்பீர்கள் என்றும் ஒருவன் எழுதியிருந்தான். அதையும் நீக்காமல் வைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்கான நாள் அறிவிக்கப்பட்டதும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்கிறேன். இரவு எட்டு மணிக்குத்தான் வைப்பார்கள். வேலை முடிந்து வரலாம். மதிப்பீட்டு வரி ரசீதை மறவாமல் எடுத்து வாருங்கள். வாசலில் பெயர் பதியும்போது அதைக் கேட்கிறார்கள்.